புது ஸ்டாஃப் நர்ஸுக்கு எது உதவும்: ஒரு வார வகுப்பா, கூட நிற்கும் சீனியரா?

படிப்பை முடித்துப் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸைப் பழக்க ஆஸ்பத்திரிகளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹாலில் உட்கார வைத்து ஒரு வாரம் ஓரியண்டேஷன், அப்புறம் நேராக வார்டு. மற்றது பிரிசெப்டர் முறை. ஒரே சீனியரோடு, அதே ஷிஃப்டில், அதே நோயாளிகளைச் சில மாதம் சேர்ந்து பார்ப்பது.

வகுப்பை நான் தள்ளிவிட மாட்டேன். ஊசி குத்திக்கொண்டால் யாரிடம் சொல்வது, எந்தக் கழிவு எந்த நிறப் பையில், இதயம் நின்றுபோனால் செய்யும் சிபிஆரில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர வகுப்புதான் சரி. செலவும் குறைவு.

ஆனால் இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. வகுப்பில் கேட்டால் எல்லோரும் டக்கென்று சொல்வார்கள். நைட் டியூட்டி முடியப்போகும் நேரம், ட்ரேயில் சிவப்பு மூடி மட்டும் கிடக்க, கையில் 100 யூனிட் குப்பி. அந்த சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி; அதுவரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். “குப்பியைத் திருப்பிப் படிம்மா” என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

எனக்கு அப்படி ஆள் இல்லை. முதல் வேலையில் வகுப்பு முடிந்த மூன்றாம் நாளே நைட்டில் தனியாக விட்டார்கள். ஒரு அம்மாவுக்கு பிபி இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரை எழுப்பினால் திட்டுவாரோ என்று பத்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தப் பத்து நிமிடம் இன்னும் உறுத்துகிறது. எப்படிச் சொல்வது என்று படித்திருந்தேன். ஒரு அக்கா தயங்காமல் போன் போட்டுப் பேசுவதைக் கூட நின்று பார்த்த பிறகுதான் எனக்கும் அது வந்தது.

பிரிசெப்டர் முறையிலும் ஓட்டை உண்டு. சீனியரின் தவறான பழக்கமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் பிரிசெப்டரையும் தயார்செய்ய வேண்டும்; பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2020-ல் இந்த முறைக்கு வெளியிட்ட நெறிகளிலும் அது சேர்ந்திருக்கிறது. இன்னொன்று வேலைப்பளு. பெயருக்கு ஒருவரைப் போட்டுவிட்டு வழக்கமான நோயாளிகளை அவர் தலையிலேயே கட்டினால், சொல்லித்தர நேரம் எங்கே இருக்கும்? அதற்கு வகுப்பே மேல்.

சுமையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் பிரிசெப்டர் இருக்கும் இடத்துக்குப் போங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேளுங்கள்: “எனக்குச் சொல்லித்தரும் சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள்? முதல் நைட் டியூட்டி எப்போது, கூட யார் இருப்பார்?”