மாங்கூழ் லைனுக்கு ஃப்ளோ மீட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். தர்மபுரி பக்கம் ஜவ்வரிசி, பால் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பாதி விலைக்கு ஃப்ளோ மீட்டர் (குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கருவி) தருகிறோம் என்று ஒரு டீலர் நம் பக்கம் ஆலை ஆலையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் பராமரிப்பு என் பொறுப்பு. பெங்களூரா காய் வரத்து தொடங்கிவிட்டால் இரவு பகல் பார்க்காமல் ஓடும் ஆலை. சூடேற்றிக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசருக்குப் போகும் கூழை அளக்க 2 அங்குல மின்காந்த மீட்டர் ஒன்று அந்த டீலரிடம் ஆர்டர் கொடுத்தோம். உள்ளே டெஃப்லான் லைனிங் (உட்புற உறை) இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். காரணம் இருக்கிறது. ஓட்டம் முடிந்ததும் காஸ்டிக் சோடா கலந்த சூடான தண்ணீர் விட்டு லைனைக் கழுவுவோம். அந்தச் சூடு 80 டிகிரியைத் தாண்டும். டெஃப்லான் அதைச் சுலபமாகத் தாங்கும். சாதாரணத் தண்ணீர் லைனுக்குப் போடும் கடின ரப்பர் லைனிங்குக்கு அதுதான் எல்லை.

இந்த மீட்டர் கணக்கு எழுதுவதற்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். சூடேறிய கூழ் ஹோல்டிங் குழாயில் குறிப்பிட்ட நேரம் தங்கினால்தான் கிருமி சாகும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது கூழின் வேகம். மீட்டர் சொல்வதைக் கேட்டுத்தான் பம்ப் வேகம் கூடுவதும் குறைவதும். உண்மையில் ஓடுவதைவிடக் குறைவாக மீட்டர் காட்டினால் பம்ப் வேகம் எடுக்கும், கூழ் போதிய நேரம் தங்காமல் டிரம்முக்குப் போய்விடும். இது சாப்பிடுகிற பொருள், அதுவும் கப்பலேறிப் போகிற பொருள்.

முதலில் எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் மீட்டர் காட்டும் அளவு டிரம் எடையைவிட ஏறத் தொடங்கியது. கூப்பிட்டதும் டீலரின் சர்வீஸ் ஆள் வந்தார். "சார், மீட்டர் லிட்டர் காட்டுது, நீங்க கிலோ பாக்கறீங்க" என்றார். அது உண்மைதான். 16 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அளவு) கூழ் ஒரு லிட்டர் சுமார் 1.065 கிலோ இருக்கும், 200 லிட்டர் என்றால் 213 கிலோ. ஆனால் அந்த வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருக்க வேண்டும், எங்களுடையது வாரத்துக்கு வாரம் மாறியது. அடுத்த முறை கூழில் காற்று இருக்கிறது என்றார். காற்று கலந்தாலும் மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பது சரி. அதற்காகக் கூழிலிருந்து காற்றை எடுக்கும் டீஏரேட்டரைப் பிரித்துப் பார்த்தோம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஒவ்வொரு முறையும் அவர் கடைசியில் செய்தது ஒன்றுதான். டிஸ்ப்ளேவில் பாஸ்வேர்டு போட்டு மீட்டர் ஃபேக்டரை மாற்றி, எங்கள் தராசு எடைக்கு ஒத்துவரும்படி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்குகிறோம், அதனால் அதில் சந்தேகம் இல்லை. ஃபேக்டர் என்பது தயாரிப்பாளர் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து, அந்த மீட்டருக்கென்று பொறித்துத் தரும் எண். உள்ளே ஏதாவது மாறினாலொழிய அதைத் தொட வேண்டிய தேவையே வராது. ஒருவர் வந்து வந்து ஃபேக்டரை மாற்றுகிறார் என்றால் உள்ளே கோளாறு இருக்கிறது, அதை அவர் மறைக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு பக்க வால்வையும் மூடி, குழாய் நிறைய கூழ் அசையாமல் நிற்கும்போது பார்த்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் ஓட்டம் காட்டியது. அதே வாரம் மீட்டருக்கு அடுத்த ஃபில்டரில் கறுப்புச் செதில் கிடைத்தது. உடனே லைனை நிறுத்தி மீட்டரைக் கழற்றினோம். உள்ளே டெஃப்லான் இல்லை, ரப்பர்! காஸ்டிக்கிலும் சூட்டிலும் உப்பி, ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது.

அப்புறம்தான் எல்லாம் புரிந்தது. மின்காந்த மீட்டர் அளப்பது வேகத்தை. ஃபாரடே 1831-ல் கண்ட விதிதான் அது: மின்சாரம் கடத்தும் திரவம் காந்தப் புலத்தில் ஓடும்போது வேகத்துக்கு ஏற்ற வோல்டேஜ் கிடைக்கும். ரப்பர் உப்பித் துளை குறுகியபோது அதே கூழ் வேகமாக ஓடியது, மீட்டர் கூடுதலாகக் காட்டியது. சர்வீஸ் ஆள் ஃபேக்டரைக் குறைத்தார். பிறகு ரப்பர் கிழிந்து வழி அகன்றதும், குறைத்த ஃபேக்டரோடு மீட்டர் குறைவாகக் காட்டத் தொடங்கியது. நான் மேலே சொன்ன ஆபத்தான நிலை அதுதான். ரப்பர் கலந்திருக்குமோ, சூடு போதாமல் போயிருக்குமோ என்ற இரண்டு சந்தேகத்தாலும் அந்த ஓட்டத்தின் டிரம்களை எல்லாம் நிறுத்தி வைத்தோம். ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. நஷ்டம் மீட்டர் விலையைப் போலப் பல மடங்கு.

பெயர்த் தகட்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நீராவியில் ஓரம் பிரிந்திருந்தது. உரித்தால் அடியில் அசல் தகடு, வேறு சீரியல் எண், லைனிங் கடின ரப்பர் என்று பொறித்திருந்தது. காலிபரேஷன் சான்றிதழின் சீரியல் எண் ஸ்டிக்கரோடு ஒத்துப்போனது, தகட்டோடு ஒத்துப்போகவில்லை. அது வேறொரு மீட்டரின் சான்றிதழ். டீலரைக் கேட்டால், "லைனிங் தேய்மானப் பொருள், அதுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார். கேட்ட பொருளையே தராதவர் வாரண்டி பேசுகிறார்.

தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்தில் இது நிற்பது கடினம் என்று வக்கீல் சொன்னார். சொன்ன விவரத்தோடு ஒத்துவராத சரக்கு என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு எங்களுக்குக் கைகொடுப்பது ஆர்டரில் எழுதிய அந்த ஒரு வரி. வாய்ப்பேச்சில் ஆர்டர் கொடுக்காதீர்கள்: லைனிங், எலெக்ட்ரோடு (வோல்டேஜை எடுக்கும் உலோக முனை), அளவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மீட்டர் வந்ததும் லைனில் மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டெஃப்லான் பெரும்பாலும் வெள்ளையாக வழவழப்பாக இருக்கும், ரப்பர் கறுப்பு. தகட்டில் எண் பொறித்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகரித்த லேபின் சான்றிதழ் என்றால் அதில் யுஎல்ஆர் எண், அதாவது அந்தச் சான்றிதழுக்கே உரிய தனி எண், இருக்கும். அதை வைத்து சான்றிதழ் கொடுத்த லேபையே கூப்பிட்டுக் கேளுங்கள். மாட்டிய அன்றைக்கு ஃபேக்டரையும் பூஜ்ய அளவையும் போட்டோ எடுத்து வையுங்கள், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

கழற்றிய மீட்டரும் ஸ்டிக்கரும் ஆலையில்தான் இருக்கின்றன. அந்த டீலர் உங்களிடம் வந்திருக்கிறாரோ என்று சந்தேகப்படும் ஆலைக்காரர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் தகட்டின் படத்தை அனுப்பி வைக்கிறேன்.