இங்கிலீஷ் வார்த்தைகள்ல செட்டா (set) ரன்னா (run), எதுக்கு அர்த்தம் ஜாஸ்தி?

ரொம்ப நாளா செட் தான் ராஜா, 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரி ரெண்டாம் பதிப்புல அதுக்கு 430 அர்த்தம் போட்டிருந்தாங்க. அப்புறம் புது பதிப்புக்காக ரன்னை எடுத்து எண்ணிப் பாத்தா வினைச்சொல்லா மட்டுமே 645, செட் காலி! செட்டுக்கு பெரும்பாலும் ஒரு இடத்துல நிலையா வைக்கிற வேலை தான், அலாரம் வைக்கிறது, சிமெண்ட் இறுகுறது, ஒடிஞ்ச எலும்பைச் சேத்து வைக்கிறதுனு போகும், சூரியன் மறையுறதுக்கும் அதே செட் எப்படி வந்துச்சோ. ரன் அப்படியில்ல, காலே இல்லாததும் ஓடும், மூக்கு ஒழுகுனா ரன், கம்பெனி நடத்துனா ரன், சாயம் போனாலும் ரன், அட அமெரிக்காவுல தேர்தல்ல நிக்கிறதும் ரன் தாங்க, நாம நிக்கிறோம் அவங்க ஓடுறாங்க! ஆனா தமிழ் பேசுறப்போ எனக்கு செட் தான் கைகொடுக்குது, "இது நமக்கு செட் ஆகாதுப்பா"னு சொல்ற இடத்துல ரன்னை வச்சுப் பாருங்க, ஓடாது.