வாக்ஸா, சீலன்டா? உப்புக்காற்றில் ஒரு மோறிஸ் மைனர்

திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் கழுவின பொனெட்டைப் பின்னேரம் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அப்பா விட்டுப்போன மோறிஸ் மைனருக்கு பெயின்டைக் காக்க வாக்ஸ், சீலன்ட் இரண்டையும் நான் பூசிப் பார்த்துவிட்டேன்.

கார்னௌபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு. பழைய பெயின்டில் அது தரும் ஆழமான, ஈரம் சொட்டுவது போன்ற மினுக்கம் சீலன்டில் வராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கத்தைய வெயிலில், அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், மிஞ்சினால் 2 மாதம்தான் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து கிடந்தால் மெழுகு போய்விட்டது.

சீலன்ட் செயற்கைப் பொலிமர். மினுக்கம் கொஞ்சம் கண்ணாடித்தனம், ஆனால் 4, 5 மாதம் தாங்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒருக்கால் பூசினால் மாரி முழுக்க நிம்மதி.

எதைப் பூசினாலும் முதலில் மணல் போகக் கழுவுங்கள், நிழலில், தகரம் ஆறின பிறகு, சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச வேறு வாளி. மணலோடு தேய்த்தால் சிலந்திவலை மாதிரிக் கீறல் விழும் (என் இடப்பக்க மட்காட்டில் இன்னும் இருக்கிறது). பொலிஷ் துணியில் காரின் நிறம் ஏறினால் பயப்படாதீர்கள், அந்தக் காலப் பெயின்டுக்கு மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) கிடையாது. அழுத்தாமல் தேய்த்தால் சரி.

நான் இப்போது மாரிக்குச் சீலன்ட், சித்திரை வருஷத்துக்கு அதன் மேலேயே வாக்ஸ். மாற்றிப் பூசாதீர்கள், மெழுகின் மேல் சீலன்ட் பிடிக்காது.