கபடிக் களமும் கடைமடை வாய்க்காலும்

எங்கள் காவிரி டெல்டா பக்கம் நேர்மைக்கு இரண்டு சோதனை: கபடி, வாய்க்கால் தண்ணீர். கபடியில் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம், கோட்டுக்குப் பக்கத்திலேயே நடுவர் நிற்கிறார், சுற்றிலும் ஊரே பார்க்கிறது. இருந்தும் விரல் நுனி உரசியதை நடுவர் கவனிக்காதபோது தானே கையைத் தூக்கிவிட்டு வெளியேறும் பையன்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அவர்கள்தான் ஆட்டக்காரர்கள். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் நடுவர் அவுட் கொடுக்காமலே ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் நடையைக் கட்டினாரே, அதே குணம்.

வாய்க்காலில் அப்படி இல்லை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவே நாளாகும், அதிலும் முறை வைத்து விடும்போது நள்ளிரவில் மேல்மடைக்காரர் மண்வெட்டியால் வரப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டால் யார் கேட்பது? விசில் கிடையாது. கபடியில் போவது ஒரு புள்ளி, இங்கே நாற்றங்கால் காய்ந்துவிடும், அப்புறம் விதைநெல்லுக்கு மறுபடி கடன். கர்நாடகத்திடம் நம் பங்கைக் கேட்கிறோம், சரிதான், கேட்கத்தான் வேண்டும். அதே நியாயத்தைக் கீழ்மடைக்காரருக்கும் கொடுக்க வேண்டாமா?

இரண்டில் எது கடினம் என்றால் வாய்க்கால்தான், சந்தேகமே இல்லை. முறை நாள் இரவில் மேல்மடையிலிருந்து ஒருவர், கீழ்மடையிலிருந்து ஒருவர் என்று சேர்ந்து காவல் நின்றால் பாதிச் சண்டை வராது என்று நினைக்கிறேன்.