ஜெல் அளக்க வாங்கிய ரியோமீட்டர்: மெஷின் ஓகே, டெம்ப்ளேட்டை மட்டும் நம்பாதீர்கள்

ரியோமீட்டர் என்றால், பொருளைத் தட்டுகளுக்கு இடையில் வைத்துச் சுழற்றி, அது எப்படி ஓடுகிறது, எவ்வளவு விறைப்பு என்று அளக்கும் மெஷின். எங்கள் லேபில் இருப்பது ஸ்ட்ரெஸ்-கன்ட்ரோல் வகை (ஸ்ட்ரெஸ், அதாவது பரப்பின்மேல் விழும் விசையை, கட்டுப்படுத்துவது), கம்பெனி பெயர் வேண்டாம். எண்ணெய், கிளிசரின் மாதிரியான திரவங்களுக்கு எந்த மெஷினும் போதும், அதனால் நேராகக் கூழ்ம ஜெல்லுக்கே வருகிறேன், அதாவது திரவத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் நிற்கும் ஜெல்.

சாம்பிளை வைத்து மேல் தட்டை இறக்கும்போதே அது நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது இல்லையா, அதுவும் ஒரு ஓட்டம்தான், அதன் தடம் ஜெல்லுக்குள் தங்கிவிடும். மெஷினோடு வரும் ஜெல் டெம்ப்ளேட் (முன்பே எழுதி வைத்த சோதனை வரிசை) இதைக் கண்டுகொள்வதே இல்லை, தட்டு இறங்கிய கையோடு அலைவுச் சோதனைக்கு (முன்னும் பின்னும் ஆட்டி அளப்பது) போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு எண். பாவம், சாம்பிள்மேல் பழியைப் போட்டுக் கொட்டிவிடுகிறார்கள்.

டெம்ப்ளேட்டை அழித்துவிட்டு நாமே வரிசை எழுதினால்தான் மெஷினின் அருமை தெரிகிறது. முதலில் வேகமாகச் சுழற்றிப் பழைய அமைப்பை உடைத்து, அப்புறம் வேண்டிய ஷியர் வேகத்தில் (அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும் வேகம்) கொஞ்ச நேரம் ஓட்டி, சட்டென்று நிறுத்தி, மிக லேசான ஆட்டத்தில் மாடுலஸை, அதாவது விறைப்பை, அளக்க வேண்டும். கனிம எண்ணெயில் கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்துகள்) போட்ட ஜெல்லை வினாடிக்கு 500 என்ற ஷியர் வேகத்தில் ஓட்டி நிறுத்துவதைவிட 5-இல் ஓட்டி நிறுத்தினால் விறைப்பு கூடுகிறது, ஏனென்றால் மெதுவான ஓட்டத்தில் துகள்கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்கின்றன. ஆனால் பாலிமர் சேர்த்து ஈர்ப்பு உண்டாக்கிய துகள் ஜெல்களில் கதை தலைகீழ்: வேகமாக ஓட்டி நிறுத்தினால் சீரான, வலுவான வலை, மெதுவாக ஓட்டினால் பெரிய கட்டிகளும் இடையில் வெற்றிடமுமாகத் தொளதொள ஜெல். ஆக, ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கவே முடியாது, இந்த வரிசையை எழுத விடாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓட்டம் நின்ற பிறகும் ஸ்ட்ரெஸ் பூஜ்யத்துக்கு வராமல் கொஞ்சம் தேங்கி நிற்பதை இந்த மெஷின் அழகாகக் காட்டுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

குறை என்றால், அதிக வேகத்திலிருந்து நிறுத்தச் சொன்னால் உடனே நிற்பதில்லை, சுழல் தண்டின் நிலைமம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. சட்டென்று நிறுத்தியதாக நாம் எழுதி வைப்பது உண்மையில் ஒரு குட்டி இறக்கம். வேகம் எப்படி இறங்குகிறது என்று கிராஃபில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் சொரசொரப்பான தட்டையும் சேர்த்தே கேளுங்கள், கொட்டேஷனில் அது தனியாகத்தான் வருகிறது. வழவழப்பான தட்டில் ஜெல் வழுக்கிக்கொண்டு போகும், யீல்ட் ஸ்ட்ரெஸ் (ஜெல் ஓடத் தொடங்கத் தேவையான ஸ்ட்ரெஸ்) குறைவாகக் காட்டும்.