குமுளி காப்பித்தூள் கடை: தூளை நம்பி வாங்கலாம், ‘டபுள் ஸ்ட்ராங்’ வேண்டாம்

குமுளியிலிருந்து தேக்கடி செல்லும் சாலையில் உள்ள இந்தச் சிறிய கடையில், இடுக்கி மலைச்சரிவில் விளைந்த ரொபஸ்டா கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிறார்கள். அரைத்த சூட்டோடு பொட்டலம் கட்டாமல், அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே எடை போடுகிறார்கள். சிக்கரியும் நாம் சொன்ன அளவுதான். தூளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, முகப்பில் விற்கும் ‘டபுள் ஸ்ட்ராங்’ காப்பியில் இருக்கிறது. கம்பத்திலிருந்து ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியலில் மலையேறும் ஜீப் ஓட்டுநர்கள், முதல் டம்ளர் கொடுத்த தெம்பு அடுத்ததில் இல்லை என்று முணுமுணுத்தால், பாய்லர் அருகே நிற்பவர் “இன்னும் ஒண்ணு ஸ்ட்ராங்கா போடட்டுமாண்ணே?” என்கிறார். வியாபாரத்துக்கு நல்லது, உடம்புக்கு அன்று. அயர்வை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் போய் அமர வேண்டிய ஏற்பிகளைக் காஃபின் மறித்துக்கொள்வதால்தான் விழிப்பு வருகிறது. குடித்த காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், முதல் டம்ளர் மறித்த ஏற்பிகள் மறிக்கப்பட்டே இருக்க, உடனே குடிக்கும் இரண்டாவது டம்ளர் விழிப்பை அதே அளவில் கூட்டாமல் படபடப்பையும் கைநடுக்கத்தையும் கூட்டுகிறது. அதிலும் ரொபஸ்டாவில், மற்றொரு காப்பி வகையான அரபிக்காவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் உண்டு. எபிட்ரின் போன்ற ஊக்க மருந்துகளில் கதை வேறு: அடுத்தடுத்துக் கொடுத்தால் நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் நார்அட்ரினலின் என்ற ஊக்க வேதிப்பொருள் குறைந்து, அதே அளவு மருந்துக்குப் பலன் சுருங்கிவிடும்.

நாள்தோறும் குடிப்பவர்களுக்குக் காப்பியால் ஏறும் இரத்த அழுத்தம் சில நாட்களிலேயே பெருமளவு மட்டுப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால், கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கிவிடும். விடுமுறை நாளில் வரும் அந்த வலியை வெயிலின் கணக்கில் எழுதுபவர்களே அதிகம்.

ஆகவே கடையில் அரை டம்ளர் சாதாரணக் காப்பி குடித்து, வீட்டுக்குச் சிக்கரி கலந்த தூளை வாங்குவதே சரி. சிக்கரியில் காஃபின் கிடையாது, டிகாக்‌ஷனின் நிறமும் கெடாது. கால் கிலோவுக்குக் குறைவாக அரைத்துத் தர மறுக்கிறார்கள் என்பதைச் சுற்றுலா வருபவர்கள் முன்னதாகத் தெரிந்துகொள்வது நல்லது.