இந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நம் நாட்டில் கிடைக்குமா? எங்கே பார்த்தால் சரியான பதில் வரும்

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான ஒரு எக்ஸ்சேஞ்சின் பெயரைச் சொல்லி "இது இந்தியாவில் வேலை செய்யுமா?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறதே என்பார் ஒருவர். போன வருஷமே கணக்கு திறந்துவிட்டேன் என்பார் இன்னொருவர். அதையெல்லாம் கவர்ன்மென்ட் தடை பண்ணிவிட்டது என்பார் மூன்றாமவர். யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு இடத்தில் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆப் ஸ்டோர், எக்ஸ்சேஞ்ச் தானே போடும் நாட்டுப் பட்டியல், அரசு அறிவிப்பு, வங்கி என்று பார்ப்பதற்கு நான்கு இடங்கள் உண்டு. நான்கும் ஒரே பதிலைத் தருவது அபூர்வம். (எந்த நாட்டில் எந்த எக்ஸ்சேஞ்ச் என்று அட்டவணை போடும் ஒப்பீட்டுத் தளங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பல தளங்கள் ரெஃபரல் கமிஷனில், அதாவது ஆள் சேர்த்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் தரும் பணத்தில் ஓடுபவை. ஒரு நாட்டை விட்டு எக்ஸ்சேஞ்ச் வெளியேறிய பிறகும் பழைய அட்டவணை அப்படியே கிடக்கும்.)

முதலில் ஆப் ஸ்டோர். நான்கில் எளிதானதும் இதுதான், குறைவாக நம்ப வேண்டியதும் இதுதான். நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை ஆப்பிள் ஸ்டோர் பார்ப்பதில்லை, உங்கள் கணக்கில் எந்த நாடு பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவரின் ஆப்பிள் ஐடி சிங்கப்பூரிலேயே இருந்தால், அவர் போனில் தெரிகிற ஆப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் தெரியாது. இன்னொரு சிக்கல், ஸ்டோரிலிருந்து நீக்கினாலும் ஏற்கெனவே இறக்கி வைத்த ஆப் போனில் இருந்துகொண்டே இருக்கும். 2024 ஜனவரியில் பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் ஆப்களை ஆப்பிளும் கூகுளும் இந்திய ஸ்டோர்களிலிருந்து எடுத்தபோது, பழைய பயனர்கள் பலர் "எனக்கு வேலை செய்யுதே" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்சேஞ்சின் சொந்தப் பட்டியல் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது முக்கியம். "100க்கும் மேற்பட்ட நாடுகளில்" என்று முகப்பில் இருப்பது விளம்பரம். கணக்கு திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதும், உங்கள் எண்ணுக்கு ஓடிபி வருவதும் ஒன்றையும் நிரூபிக்காது. சேவை விதிமுறைகளில் தடைசெய்யப்பட்ட நாடுகள் என்று ஒரு பகுதி இருக்கும். அது வக்கீல்கள் எழுதியது, முகப்பும் அதுவும் முரண்பட்டால் அதையே நம்புங்கள். அப்போதும் சேவைவாரியாகப் பார்க்க வேண்டும். சாதாரண வாங்கல் விற்றலுக்கு அனுமதி இருக்கும், ஃபியூச்சர்ஸோ (பின்னால் ஒரு தேதிக்கான விலையை இப்போதே ஒப்பந்தம் போடும் வர்த்தகம்) எக்ஸ்சேஞ்ச் தரும் கார்டோ இருக்காது. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு உள்ளே போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே போகும்போது யாரும் கேட்காமல் விடலாம், பணத்தை எடுக்கும்போது கேஒய்சி கேட்பார்கள். அப்போது நீட்ட உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்.

இந்த இரண்டும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்க எக்ஸ்சேஞ்சான காயின்பேஸின் கதையே போதும். 2022 ஏப்ரல் 7ஆம் தேதி பெங்களூரில் பெரிய விழா வைத்து இந்தியாவில் வர்த்தகத்தைத் தொடங்கினார்கள், யூபிஐ மூலம் பணம் போடலாம் என்றார்கள். அன்றைக்கே யூபிஐயை நடத்தும் என்பிசிஐ, எந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யூபிஐயைப் பயன்படுத்துவதாகத் தனக்குத் தெரியாது என்று அறிக்கை விட்டது. சில நாட்களில் யூபிஐ வசதி நின்றுபோனது. ஆப் இருந்தது, கணக்கு இருந்தது, கேஒய்சி முடிந்திருந்தது. ரூபாயை உள்ளே கொண்டுபோகத்தான் வழியில்லை. ரிசர்வ் வங்கியிடமிருந்து முறைசாரா அழுத்தம் வந்தது என்று காயின்பேஸின் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங் அடுத்த மாதம் சொன்னார். சட்டத்தில் தடை இல்லை, நடப்பில் கதவு சாத்தியிருந்தது. 2023இல் இந்தியப் பயனர்களுக்கான சேவையை முடித்துக்கொண்டு, 2025 மார்ச்சில் முறைப்படி பதிவு பெற்று, அந்த ஆண்டின் இறுதியில்தான் மறுபடி புதிய கணக்குகளைத் திறக்கவிட்டார்கள்.

"பதிவு பெற்று" என்றேன் அல்லவா, மூன்றாவது இடம் அதுதான். இந்தியாவில் கிரிப்டோவுக்கு ஒட்டுமொத்தத் தடை கிடையாது. வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018இல் போட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அதன்படி நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயுவில் பதிவு செய்ய வேண்டும். அலுவலகம் இந்தியாவில் இருக்கிறதா என்பது பொருட்டல்ல, இந்தியர்களுக்குச் சேவை தந்தாலே பதிவு வேண்டும்.

இதில் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் கதை வேறு. 2023 டிசம்பர் 28ஆம் தேதி பைனான்ஸ், குகாயின், ஹுவோபி, கிராக்கன், கேட்.ஐஓ, பிட்ரெக்ஸ், பிட்ஸ்டாம்ப், எம்இஎக்ஸ்சி, பிட்ஃபினெக்ஸ் ஆகிய ஒன்பதுக்கும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கியதற்காக நோட்டீஸ் போனது. இணையதளங்களை முடக்கவும் அரசிடம் கேட்கப்பட்டது. குகாயின் சீக்கிரம் வழிக்கு வந்தது. 34.5 லட்சம் ரூபாய் அபராதத்தோடு முடிந்தது. பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி. பைபிட் 2025 ஜனவரியில் தானே இந்தியச் சேவையை நிறுத்தி வைத்தது, அந்த மாதக் கடைசியில் 9.27 கோடி அபராதம் வந்தது, கட்டிவிட்டுப் பிப்ரவரியில் திரும்பியது. அப்புறம் 2025 அக்டோபர் 1ஆம் தேதி பிங்எக்ஸ், எல்பேங்க், பிட்மெக்ஸ், போலோனிக்ஸ், பாக்ஸ்ஃபுல் என்று இன்னும் 25 பெயர்களுக்கு நோட்டீஸ். இந்த இரண்டு அறிவிப்புகளும் அரசின் செய்தி வெளியீட்டுப் பிரிவான பிஐபியின் தளத்தில் கிடைக்கின்றன. நீங்கள் யோசிக்கிற எக்ஸ்சேஞ்சின் பெயர் அதில் இருந்து, அதன் பிறகு பதிவு பெற்றதாகச் செய்தியும் இல்லை என்றால், ஆப் எவ்வளவு அழகாகத் திறந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

நான்காவது, வங்கி. என் கணக்கில் அரசு அறிவிப்பு கழித்துக்கட்டுவதற்கு உதவும், வங்கி தேர்ந்தெடுப்பதற்கு உதவும். ரூபாய் நேராக எக்ஸ்சேஞ்சின் பெயரில் உள்ள கணக்குக்குப் போய், விற்றபின் நேராக உங்கள் கணக்குக்குத் திரும்புகிறதா? அப்படியென்றால் அது முழுதாகக் கிடைக்கிறது. இல்லாமல் பிடுபி, அதாவது பயனர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக வாங்கி விற்பது மட்டும்தான் வழி என்றால், பாதிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடுபியில் முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள், "ரிமார்க்கில் கிரிப்டோ என்று எழுதாதீங்க ப்ரோ" என்று சாட்டில் அவர் கெஞ்சுகிறார். அந்த ஒரு வரியே போதும், மீதியை ஊகித்துக்கொள்ளலாம். விற்கும்போது இன்னும் மோசம்: உங்களுக்கு வந்த பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், சைபர் கிரைம் புகாரின்பேரில் உங்கள் வங்கிக் கணக்கையே முடக்கிவிடுவார்கள். வரியிலும் வித்தியாசம் உண்டு. 30 சதவீத வரி எங்கே விற்றாலும் ஒன்றுதான். விற்கும் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வரியான டிடிஎஸ்ஸை இந்திய எக்ஸ்சேஞ்சில் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். நேரடிப் பரிமாற்றத்தில் அந்தக் கடமை வாங்குபவர் தலையில். வாங்குபவர் நீங்களாகவும் இருக்கலாம்.

நாடு மாறினால் இந்த வரிசையும் மாறும். சிங்கப்பூரில் ஒழுங்குமுறை ஆணையமான மாஸின் பட்டியலில் தொடங்கலாம். 2021 செப்டம்பரில் பைனான்ஸின் உலகத் தளத்தை மாஸ் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது, சில நாட்களில் அது சிங்கப்பூர் டாலர் வர்த்தகத்தை நிறுத்தி, அங்குள்ள ஸ்டோர்களிலிருந்து ஆப்பையும் எடுத்தது. அங்கே ஆணையம் சொன்னதை எக்ஸ்சேஞ்சே கேட்டது. இலங்கையில் வங்கியே பதில் சொல்லிவிடும். கிரிப்டோ பரிவர்த்தனைக்கு டெபிட், கிரெடிட் கார்டுகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றும், எந்த நிறுவனத்துக்கும் உரிமம் தரவில்லை என்றும் மத்திய வங்கி எச்சரித்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஆப் திறப்பதும் கணக்கு தொடங்குவதும் நடக்கிற காரியம். ரூபாய் நேர்வழியில் போகாது.

நான்கிலும் தேறிய எக்ஸ்சேஞ்சிலும் பணம் மாட்டலாம். இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸ் எஃப்ஐயுவில் பதிவு பெற்றது, ரூபாய் போட வழியுள்ளது. ஆனாலும் 2024 ஜூலை 18ஆம் தேதி ஹேக்கர்கள் சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்களை அள்ளிப்போனபின், வர்த்தகம் மறுபடி தொடங்க 2025 அக்டோபர் ஆனது. நடுவில் மறுசீரமைப்பு வழக்கு நடந்தது சிங்கப்பூர் நீதிமன்றத்தில், ஏனென்றால் தாய்க் கம்பெனி அங்கே இருந்தது. அந்தத் திருட்டில் போகாத எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை அதில் வைத்திருந்த ஒரு சென்னைப் பயனர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தகராறை சிங்கப்பூரில்தான் தீர்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது, அதனால் இங்கே விசாரிக்கலாம் என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. கிரிப்டோ ஒரு சொத்து என்றும் சொன்னது.